மழையில் தாவும் பிள்ளைகள்



'பார்க்கூர்' என்னும் சொல்லை நம்மில் பலர் அண்மையில்தான் கேள்விப்பட்டிருப்போம். பிள்ளைகள் நம்மைவிட நன்கு அறிவார்கள். மதில் குறுக்கிட்டால் கைவைத்துத் தாண்டுவது, படிக்கட்டின் கைப்பிடிக் கம்பிமேல் நடப்பது, ஒரு திட்டிலிருந்து இன்னொரு திட்டுக்குத் தாவி அசையாமல் நிற்பது, உயரத்திலிருந்து குதித்தால் தோள்வழியே உருண்டு எழுவது ஆகிய இவற்றையெல்லாம் கோத்து, தன் உடலை மட்டுமே துணையாகக் கொண்டு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்தை அடையும் பயிற்சிக்கு அப்பெயர். 2006-இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'கசினோ ரோயல்' தொடக்கத்தில், கட்டுமானத் தளத்தின் பாரந்தூக்கிமேல் ஏறி ஓடுவாரே ஒருவர், நினைவிருக்கிறதா? அவர் செபாஸ்டியன் ஃபூக்கான். இக்கலையை வளர்த்தெடுத்தவர்களுள் ஒருவர். 2018-இல் வந்த 'ஆதி' என்ற மலையாளப் படத்தில் மோகன்லாலின் மகன் பிரணவ் செய்ததும் இதுவேதான்.

சிலிம் ரிவரில் இதைச் செய்வார் உளரோ என்று வெளியூர் நண்பர்கள் வியக்கலாம். நம் ஊர் நகரமன்று. சில வரிசைக் கடைவீடுகள், தொடர்வண்டி நிலையம், மருத்துவமனை, சுற்றிலும் செம்பனை, இடையிடையே மிஞ்சியிருக்கும் பால்மரம். வரலாறு படித்தவர்க்கு 1942 ஜனவரி 7-ஆம் நாள் ஜப்பானியத் தாங்கிகள் இவ்வழியே புகுந்து சென்ற போர்க்களமாகத் தெரியும். மற்றவர்க்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கடந்துபோகும் ஒரு பெயர்ப்பலகை. 2016 முதல் நாம் முவாலிம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். முவாலிம் என்றால் ஆசிரியர் என்று பொருள். நம்மைப் போன்றோர் சற்றே நிமிர்ந்து நடக்க அது போதும்!

இத்தகைய ஊரிலும் ஐந்தாறு பையன்கள் இருக்கிறார்கள். என்னிடம் தமிழ்ப்பள்ளியில் படித்து, இப்போது இடைநிலைப்பள்ளியில் இருப்பவர்கள். கைப்பேசியில் காணொளி பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள். கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதை, பொதுமண்டபத்தின் படிகள், திடலோரத்துத் தாழ்ந்த மதில் ஆகியவையே அவர்களின் களம். இவர்களுள் ஒருவனின் தந்தையார் சென்ற மாதம் என்னைச் சந்தித்து, "சார், நீங்க சொன்னா கேப்பான். மழையில போய்க் குதிக்கிறானாம்" என்று வருந்தினார். அவருக்குச் சொன்ன விடையைச் சற்று விரித்து எழுதினால் பிறர்க்கும் பயன்படக்கூடும் என எண்ணினேன்.

முதலில் ஒரு நடைமுறை உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பேராக்கின் உட்பகுதியில் மழை பெரும்பாலும் பிற்பகலில் வருகிறது. காலையில் வெயில் காய்ந்து, மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுத்து, நான்கு மணிக்குக் கொட்டும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் இது நாள்தோறும் நடப்பதுபோலவே இருக்கும். பிள்ளைகளுக்கோ பள்ளி முடிந்து, சோறு உண்டு, சற்று ஓய்ந்து வெளியே வரும் நேரமும் அதுதான். மழை நின்ற பின்னும் தரை காய்வதற்குள் இருட்டிவிடும். ஆகவே "மழையில் மட்டும் வேண்டாம், வெயில் நாளில் செய்" என்று நாம் சொன்னால், ஆண்டில் பாதி நாள் "செய்யாதே" என்று சொன்னதாகவே அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

தடை விதித்தால் என்ன நடக்கிறது என்பதையும் கண்டேன். மழை பெய்யும்போது கடைத்தெருவில் ஆள்நடமாட்டம் குறையும். திட்டுவதற்கு எவரும் இல்லை. எனவே தடுக்கப்பட்ட பையன் தேர்ந்தெடுக்கும் நேரம், கொட்டும் மழை நேரமாகவே அமைந்துவிடுகிறது. பெரியவர்கள் அஞ்சிய அதே நேரத்திற்குப் பெரியவர்களின் தடையே அவனைத் தள்ளிவிடுகிறது. இது எனக்குப் பெரிதும் கவலை தந்தது.

ஈரத்தில் பயிற்சி செய்வது முறையாக எப்படி நடக்கும் என்று அறிய விரும்பி, கோலாலம்பூரில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவரைத் தொடர்புகொண்டேன். அவர் ஒரு குழுவோடு வார இறுதியில் பயிற்சி செய்பவர். சனிக்கிழமை ஒன்றில் தஞ்சோங் மாலிமிலிருந்து கொமுட்டர் வண்டி பிடித்துச் சென்றேன். பூங்கா ஒன்றில், இலகு ரயில் பாதையின் தூண்களுக்கு அருகே, ஏழெட்டு இளைஞர்கள் கூடியிருந்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. குட்டிக்கரணங்களை எதிர்பார்த்துப் போன எனக்கு முதல் அரைமணி நேரம் ஏமாற்றம்தான். ஒருவரும் தாவவில்லை!

அவர்கள் செய்ததெல்லாம் அந்த இடத்தைச் சுற்றி நடந்ததுதான். நடந்து, ஒவ்வொரு பரப்பின் மீதும் காலணியின் அடியை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார்கள். சொரசொரப்பான சிமெண்டுப் படி, நிழலில் பாசி படர்ந்த படி, மஞ்சள் சாயம் பூசிய விளிம்பு, எஃகுக் கம்பி, வடிகால்மேல் போட்ட இரும்புச் சட்டம், வழவழப்பான ஓடு பதித்த திண்ணை என ஒன்றையும் விடவில்லை. ஒருவர் காலணியின் அடியைக் கைத்துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தொடங்கினார்கள். படிகளில் கையும் காலும் ஊன்றிய நான்குகால் நடை. மேலே ஏறினார்கள், தலைகீழாக இறங்கினார்கள். கணுக்கால் உயரமே உள்ள கம்பியில் நடை. இரண்டு காலணி நீளமே இடைவெளியுள்ள தாவல்; அதையே இருபது முறை. இருபதிலும் பாதம் நழுவாமல் நிற்க வேண்டும். பத்தொன்பதாவதில் நழுவினால் மீண்டும் ஒன்றிலிருந்து.

ஓர் இளைஞர் திட்டு ஒன்றின் விளிம்பில் மூன்று முறை நின்று பார்த்தார். மூன்று முறையும் பின்வாங்கினார். பிறகு தலையை ஆட்டிவிட்டு இறங்கி வந்து தண்ணீர் குடித்தார். எவரும் கேலி செய்யவில்லை. நம் பள்ளித் திடலில் இப்படி ஒன்று நடந்திருந்தால் என்னென்ன பட்டப்பெயர்கள் வந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

ஏன் இத்தனை சோதனை? இதில் நம் அறிவியல் ஆசிரியர்களுக்கு அருமையான பாடம் ஒன்று இருக்கிறது. காலணியின் ரப்பர் உலர்ந்த தரையைப் பற்றிக்கொள்வது இரு வழிகளில். ஒன்று, தரையோடு நெருங்கி ஒட்டுவது. மற்றொன்று, தரையின் சிறு மேடுபள்ளங்களில் அமிழ்ந்து பிடிப்பது. நீர்ப்படலம் இடையில் புகுந்தால் முதல்வழி ஏறத்தாழ அடைபட்டுப் போகிறது. இரண்டாவது வழி சொரசொரப்பான சிமெண்டில் எஞ்சி நிற்கும். ஓட்டிலும் சாயத்திலும் இரும்பிலும் மேடுபள்ளமே இல்லையாகையால் அதுவும் கிட்டாது. பாசியின் மேல் நிற்பவன் தரையின்மேல் நிற்கவேயில்லை, ஒரு கொழகொழப்பின்மேல் நிற்கிறான். ஆகவே 'ஈரம்' என்பது ஒரே நிலையன்று. ஒரே மழையில் ஓரடி தள்ளி இருக்கும் இரண்டு பரப்புகள் முற்றிலும் வேறானவை.

கணக்கிலும் காட்டலாம். உராய்வுக் கெழு 0.7 எனக் கொண்டால், கால் தரையை அழுத்தும் விசை செங்குத்திலிருந்து ஏறத்தாழ 35 பாகை சாயும்வரை வழுக்காது. கெழு 0.2-ஆகக் குறைந்தால் 11 பாகைக்கு மேல் சாய்ந்தாலே கால் போய்விடும். நீளத் தாவுகிறவன் சாய்வாக வந்து விழுகிறான். குறுகத் தாவுகிறவன் நேராக இறங்குகிறான். அந்த இளைஞர்கள் இரண்டு காலணி நீளத்தோடு நிறுத்திக்கொண்டதன் காரணம் இதுதான். சுவரில் ஒரு காலை உதைத்துத் திசை மாறும் வித்தையை அன்று ஒருவரும் தொடவேயில்லை. உதைக்கும் காலின் விசை அங்கே பெரிதும் சாய்ந்தே இருக்கும் அல்லவா? இன்னொன்றும் சொன்னார்கள்: மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களே மோசமானவை. தரையில் படிந்த தூசியும் எண்ணெயும் நீரோடு குழம்பி நிற்கும் நேரம் அது. மோட்டார் சைக்கிள் ஓட்டும் நம் எல்லாருக்கும் இது தெரிந்ததே.

(கைவிரல்கள் நீரில் ஊறிச் சுருங்குவதைப் பற்றியும் ஒரு செய்தி. இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சுருங்கிய விரல்கள் ஈரமான கோலிக்குண்டுகளைச் சுருங்காத விரல்களைவிட விரைவாக எடுத்து வைத்தன. வகுப்பில் செய்து பார்க்க ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பிடிக் கோலியும் போதும். பிள்ளைகள் அடுத்த பாடத்தை மறந்துவிடுவார்கள் என்பது மட்டுமே இடர்.)

ஊர் திரும்பியபின் அந்தப் பையன்களுள் ஒருவனின் வீட்டுக்குச் சென்றேன். தாயார் தொழிற்சாலையில் இரவு வேலை, வளர்ப்பது பாட்டி. முப்பது ஆண்டுகளுக்குமேல் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கோலாலம்பூரில் கண்டதை அவரிடம் சொன்னேன். ஈரத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறார்கள் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"நாங்களும் அப்படித்தான் சார். மரத்தத் தொட்டுப் பாக்காம கத்தி வைக்க மாட்டோம். பட்டை ஈரமா இருந்தா பால் கோட்டுல ஓடாது, மேலெல்லாம் வழிஞ்சி போயிடும். பெரட்டுக்குப் போயி நின்னுட்டு, வாளியத் தூக்கிக்கிட்டுத் திரும்பி வந்துருவோம். அன்னிக்குச் சம்பளம் இல்ல."

தோட்ட வாழ்க்கை அறியாத இளைய ஆசிரியர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். பால் நன்றாக ஊறி ஓடுவது விடியற்காலைக் குளிர்ச்சியில். அதனால் இருட்டிலேயே பெரட்டு. ஆளெண்ணி வேலை பிரிப்பார்கள். இரவு மழை பெய்திருந்தால் பட்டை காயும்வரை காத்திருக்க வேண்டும். காயவில்லையேல் வெட்டு இல்லை. வெட்டிய பின் மழை வந்தாலோ மங்கில் விழுந்த பாலும் நீரோடு கலந்து வீணாகும். ஈரப்பட்டையில் கத்தி வைத்தால் வெட்டுக்காயத்தில் பூஞ்சை நோய் பற்றி மரமே கெடும். பட்டையைத் தொடும் அந்த ஒரு நொடியில், அன்றைய கூலியும் மரத்தின் நலமும் சேர்ந்து முடிவாயின. தொட்டுப் பார்த்து, வேண்டாம் என்று திரும்பும் பழக்கத்தைக் கூலியிழந்து கற்றவர்கள் நம் முன்னோர். பேரனின் காலணிக்கும் அதே மரத்தின் பால்தான் மூலம் என்பதையும் பாட்டியிடம் சொன்னேன். சிரித்தார்.

பார்க்கூர் மேலைநாட்டு நாகரிகம், நமக்கு ஒவ்வாதது என்று சொல்வோரும் உண்டு. அதன் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான ஜார்ஜ் எபேர் என்பார், தாம் கப்பலில் சென்ற நாடுகளின் மக்கள் ஓடியும் ஏறியும் சுமந்தும் இயல்பாகவே உடல்வலிமை பெற்றிருந்ததைக் கண்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'இயற்கை முறை' என்ற உடற்பயிற்சியை வகுத்தார். பிறர்க்குப் பயன்படுவதற்காகவே ஒருவன் வலிமை பெற வேண்டும் என்பது அவர் கொள்கை. படைவீரர்களின் தடைதாண்டும் களம் அவர்வழி வந்தது. 1939-இல் இந்தோசீனாவில், பிரெஞ்சுத் தந்தைக்கும் வியட்நாமியத் தாய்க்கும் பிறந்தவர் ரேமோன் பெல். போரினால் பெற்றோரைப் பிரிந்து, தலாட் நகரின் படைத்துறை அநாதைப் பள்ளியில் வளர்ந்தார். பிறர் தம்மை வீழ்த்திவிடாதபடி, இரவில் தனியே எழுந்து தடைகளின்மேல் பயிற்சி செய்த சிறுவன் அவர். பின்னர்ப் பிரான்சுக்குச் சென்று பாரிஸ் தீயணைப்புப் படையில் சேர்ந்து பெயர் பெற்றார். அவர் மகன் தாவீது பெல்லும் நண்பர்களும் பாரிசின் தெற்குப் புறநகரான லிஸ், எவ்ரி ஆகிய இடங்களில் இதைப் பார்க்கூராக வளர்த்தனர். அந்நண்பர்களுள் பலர் பல நாடுகளிலிருந்து குடியேறியோரின் பிள்ளைகள். தங்கள் குழுவுக்கு அவர்கள் வைத்த 'யமகாசி' என்ற பெயர்கூடக் கொங்கோவின் லிங்காலா மொழிச் சொல்.

மழைக்காடுகள் சூழ்ந்த நம் தென்கிழக்காசியாவில் பெற்றோரைப் பிரிந்த ஒரு சிறுவனிடமும், சிமெண்டு அடுக்ககங்களில் வளர்ந்த குடியேறிகளின் பிள்ளைகளிடமும் வேர்கொண்ட கலை இது. தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்திலிருந்து தாமான் வீடுகளுக்கும் மலிவு அடுக்ககங்களுக்கும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இதன்பால் ஈர்க்கப்படுவதில் எனக்கு வியப்பில்லை. ஓடை தாண்டவும் மரமேறவும் அவர்களுக்கு இடமில்லை. படியும் மதிலும் இருக்கின்றன.

அதற்காக எல்லாவற்றையும் அனுமதிப்பவன் அல்லேன். இரண்டில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

முதலாவது இடி. உலகில் இடிமின்னல் மிகுந்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. மின்னலுக்கும் ஒலிக்கும் இடையே எண்ண வேண்டும். மூன்று நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் ஒலி கேட்டால் பயிற்சி முடிந்தது, கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடியோசைக்குப் பின் முப்பது நிமிடம் கழியாமல் வெளியே வரக்கூடாது. கோலாலம்பூர் இளைஞர்கள் முதல் உறுமலிலேயே பைகளைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குள் போய்விட்டார்கள்.

இரண்டாவது மழைநீர்க் கால்வாய். நம் பட்டணங்களின் பெருங்கால்வாய்கள் வெயில் நாளில் பிள்ளைகளுக்கு ஓர் அருமையான தாவுமிடமாகத் தோன்றும். இரு கரையும் ஒழுங்கான சிமெண்டு, இடைவெளியும் அளவானது. ஆனால் மலைப்பக்கம் பெய்த மழை, இங்கே தூறல்கூட விழாத நேரத்தில் கால்வாயை நிரப்பிவிடும். முழங்கால் ஆழ நீரே ஓட்டத்தில் ஆளைச் சாய்த்துவிடும். சரிந்த சுவரில் பாசி. பிடித்து ஏற ஒன்றுமிராது. இழுக்கப்படாமல் தப்பினாலும், சிராய்ப்பு வழியே எலிச்சிறுநீர்க் காய்ச்சல் கிருமி உட்புகும் அச்சம் உண்டு. கால்வாய் ஈரத்திலும் வேண்டாம், உலர்விலும் வேண்டாம். இதைப் பையன்களிடம் சொன்னபோது ஒருவன் முகம் சுளித்தான். சுளிக்கட்டும்.

காணொளிகளைப் பற்றியும் ஒரு சொல். மாடிக்கு மாடி தாவும் காட்சி அரை நிமிடம் ஓடுகிறது. அதற்கு முன் தரைமட்டத்தில் செய்த ஆயிரக்கணக்கான தாவல்களை எவரும் படம்பிடித்துக் காட்டுவதில்லை. 'தைரியம்' என்று பிள்ளைகள் காண்பதில் பெரும்பகுதி அலுப்பூட்டும் திரும்பச் செய்தலே. இதை நாம் சொன்னால் நம்ப மாட்டார்கள். செய்கிறவர் சொன்னால் நம்புவார்கள். அதற்காகவே என் பழைய மாணவரை ஒருமுறை ஊருக்கு வரவழைத்தேன்.

"கால் உடைந்தால் யார் பொறுப்பு?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வசதியுள்ள குடும்பத்தில் ஒரு பையனின் கால் முறிந்தால் அது சில வார ஓய்வு. நாள்கூலிக் குடும்பத்திலோ மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஒருவரின் வேலை போகும். கூடவே இருக்க இன்னொரு நாள் போகும். பெருநகரங்களில் மெத்தை விரித்த உள்ளரங்குகள் இருக்கின்றன, கட்டணத்தோடு. எங்கள் பையன்களுக்கு வாய்த்தது ஈரப்படி. ஆகவேதான் அந்த ஈரப்படியில் எப்படி நிற்பது என்று ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

பெற்றோர்களுடன் பேசி இப்போது ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். சனிக்கிழமை மாலை, வெட்டவெளித் திடலோரத்தில், பெரியவர் ஒருவர் உடனிருக்க. முழங்காலுக்கு மேல் உயரமில்லை. மழை பெய்தாலும் உண்டு; இடி இடித்தால் இல்லை. எங்கே பயிற்சி, எவரோடு என்று வீட்டில் சொல்லாமல் வருபவன் அன்று ஓரமாக உட்கார வேண்டும். என்னைச் சந்தித்த அந்தத் தந்தையார் முதல் வாரம் குடையோடு வந்து, இரண்டு மணி நேரம் நின்றபடியே பார்த்தார். இரண்டாம் வாரம் நாற்காலி கொண்டுவந்தார்.

தூக்கிப்போட்ட செம்பனைத் தண்டு இரண்டும் பழைய கட்டுமரம் ஒன்றும் கிடைத்தன. கட்டுமரத்தின் வடக்குப் பக்கத்தில் இப்போது பாசி பிடித்திருக்கிறது. சுரண்டிவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்கிறார்கள் பையன்கள். வரும் ஒவ்வொருவனும் முதலில் அதன்மேல் காலைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, மறுபக்கம் போய் ஏறுகிறான். பழைய டயர்கள் தருவதாகச் சில அன்பர்கள் சொன்னார்கள். நீர் தேங்கி ஏடிஸ் கொசு பெருகும் என்பதால் வேண்டாம். தடித்த மரத்துண்டுகள் எவரிடமேனும் இருந்தால் தெரிவியுங்கள், வந்து ஏற்றிக்கொள்கிறோம்.